உன் மாமாவின் சட்டையில் மடித்து வைத்த துணி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொண்டது. நலம் என்று போட்டால்தான் கடிதம் மேலே நகருமாம், ஆகவே நலம். உன் மாமாவும் நலம். முன்பு இருந்ததில் பாதிதான் இருக்கிறார், அந்தப் பாதி நலம்.

"மாமா தொப்பை எப்படி இருக்கு?" என்று கேட்டிருந்தாய். பஸ் ஓட்டும்போது ஸ்டீயரிங்கையே தாங்கிப் பிடித்த தொப்பை, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போய்விட்டது. வயிற்றுக் கட்டிக்கு மருந்து ஏற்றுகிற டாக்டரம்மாவிடம் கேட்டேன். நாம தொந்தி, டயர், ஊளைச்சதை என்று கேலி பண்ணுவதற்கு அவங்க படிப்பில் கொழுப்புத் திசு என்று மரியாதையான பேர் இருக்கிறதாம். தோலுக்கு அடியில் கொஞ்சம், குடலைச் சுற்றிக் கொஞ்சம். சாப்பிடாத நாளுக்கு என்று உடம்பு சேர்த்து வைப்பது வெள்ளைக் கொழுப்பாம். எரிந்து சூடு தருவது பழுப்புக் கொழுப்பாம், பச்சைக் குழந்தைக்கு அது நிறைய உண்டாம். எலும்புக்கு மெத்தையும் இந்தத் திசுதானாம். "இவரோட நோய் அதையெல்லாம் தின்னுட்டு இருக்கும்மா" என்றார். மாமா சும்மா இருப்பாரா? "டாக்டரம்மா, இவ சமையலத் தின்னு கஷ்டப்பட்டுச் சேத்தது அது. கேக்காமயா எடுக்கிறது?" என்றார். "எல்லாம் கரைஞ்சும் வாய்க்கொழுப்பு மட்டும் குறையல பாருங்க" என்றேன் நான். அந்தம்மா சிரித்தார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

என் தையல் கடையில் எதையும் ஒட்ட வெட்டமாட்டேன் என்று உனக்குத் தெரியும். உள்ளே ரெண்டு விரல் துணி மடித்து விடுவேன், ஆள் பெருத்தால் பிரித்துக்கொள்ளலாம். மாமா சட்டைகளைப் பிடித்துப் பிடித்துத் தைக்கிறேன், ஒரு நூல்கூட வெட்டவில்லை, அத்தனையும் உள்ளேதான் மடிந்து கிடக்கிறது. துணி கொடுக்க வந்த டீச்சரம்மா, "இவ்வளவும் உள்ள இருந்தா உறுத்தாதா? வெட்டிடுங்களேன்" என்றார். "அவர் பழையபடி பெருத்து வந்தா நீங்களா சட்டை தருவீங்க?" என்று சண்டைக்கே போய்விட்டேன். பாவம், ஏதோ நினைப்பில் டீச்சரம்மாவின் ரவிக்கையை மாமாவின் பழைய அளவுக்குத் தைத்துவைத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, "இதுல நானும் எங்க வீட்டுக்காரரும் சேர்ந்து நிக்கலாம் போலிருக்கே" என்றார்.

ஆகவே நீ லீவு போட்டுக்கொண்டு ஓடி வரவேண்டாம். மாமா பெருத்ததும் வா, உன் பிள்ளை அந்தத் தொப்பையில் தாளம் போடட்டும். உங்கள் வீட்டில் எல்லாருக்கும் உடம்பில் ஒரு சுற்று சதை கூடட்டும், ஒருத்தருக்கும் குறைய வேண்டாம்.

இப்படிக்கு ஆசியுடன்,
அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போனேன், மாமா கூப்பிட்டார். "உள்ள மடிச்ச துணி விலாவுல குத்துதும்மா, படுக்க முடியல. வெட்டிடேன்" என்றார். எல்லாச் சட்டையையும் ஒட்ட வெட்டிவிட்டேன். நீ கிளம்பி வா.