டயர் கிடங்குச் சாக்கடையில் ஒன்பது வகை

"நல்ல இடமா ஒண்ணு சொல்லுங்களேன் சார். காலையில போய் உக்காந்தா நாலு தட்டானாவது கண்ணுல படணும்."

மருந்துக்கடைக்காரர் இப்படிக் கேட்டதும் கண்ணாடிக்கடைக்காரர் உஷாரானார். இருவரும் பக்கத்துப் பக்கத்து வீடு. போதாக்குறைக்குத் தட்டான் பார்ப்போர் சங்கத்தில் இருவருமே உறுப்பினர்கள். தட்டான்பூச்சி பார்க்க ஏற்ற இடங்களைச் சங்கம் வரைபடமாக அச்சிடப் போகிறது. அதில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. மாதக் கடைசிக்குள் யார் அதிக வகைகளைப் படம்பிடித்துக் காட்டுகிறாரோ, அவருடைய இடமும் பெயரும் அதில் ஏறும்.

பதினோரு வருடமாகச் சந்தா கட்டியும் சங்கத்தில் கண்ணாடிக்கடைக்காரரை எல்லோரும் "கண்ணாடி" என்றுதான் கூப்பிட்டார்கள். சொந்தப் பெயரை ஒரு தடவையாவது அச்சில் பார்த்துவிட வேண்டும் என்று மனிதர் ஏங்கிப்போயிருந்தார்.

செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு குளம் இருப்பதை அவர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. விடிந்தால் அங்கேதான் இருப்பார். அதைப் போய் இவரிடம் சொல்வாரா?

"டயர் கிடங்குக்குப் பின்னாடி ஒரு சாக்கடை ஓடுதுல்ல, அங்க போங்க. அள்ளிக்கலாம்" என்றார் வாய் கூசாமல்.

அடுத்த வாரமே மருந்துக்கடைக்காரர் கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார்.

"ஒன்பது வகை சார்! நீங்க மனுஷனே இல்ல, தெய்வம்!"

குளத்தில் இதுவரை தேறியது ஆறு. தெய்வத்துக்கு முகம் சுண்டிவிட்டது. சமாளித்துக்கொண்டு, "இதெல்லாம் என்ன பிரமாதம்! சலவைக்கூடத்துக்குப் பின்னாடி ஒரு வாய்க்கால். சோப்பு நுரையா இருக்கும், பார்த்துட்டுத் திரும்பிடாதீங்க" என்றார்.

திரும்பாமல் போய் வந்தவர் பதினான்கு வகை காட்டினார். அதில் ஒரு சிவப்பு ஊசித்தட்டான், இறக்கையை மடக்கிக்கொண்டு, படம் எடுக்கச் சொல்லியே வந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தூக்கம் போயிற்று. தன் குளத்தை அம்போவென்று விட்டுவிட்டு டயர் கிடங்குக்கு ஓடினார். முழங்கால் வரை சேறு. கொசுக்கள்தான் குடும்பத்தோடு வந்து வரவேற்றன. மறுநாள் வாய்க்காலில் வழுக்கி விழுந்து நுரையோடு எழுந்தார். ஊருக்கெல்லாம் கண்ணாடி விற்றவரின் சொந்தக் கண்ணாடி தண்ணீரோடு போய்விட்டது.

"உங்களுக்கு மட்டும் எப்படி சார் தட்டுப்படுது?" என்று மருந்துக்கடைக்காரரிடம் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

"அசையாம உக்காரணும் சார். உங்களுக்குத் தெரியாததா? வேற இடம் ஏதாவது இருக்கா?"

"கல்குவாரி. பஸ் போகாது. ஏழு கிலோமீட்டர் நடக்கணும்."

"நடந்துட்டாப் போச்சு! நாளைக்குத்தானே கடைசி நாள்?"

மறுநாள் விடியுமுன்பே கண்ணாடிக்கடைக்காரர் குவாரியில் ஒரு பாறைக்குப் பின்னால் பதுங்கிவிட்டார். மனுஷன் என்ன செய்கிறார் என்று நேரிலேயே பார்த்துவிட வேண்டியதுதான். வெயில் ஏறியது. தட்டானும் வரவில்லை, மருந்துக்கடைக்காரரும் வரவில்லை. காவலாளிதான் வந்தார்.

"யாருய்யா அது? ஒளிஞ்சிருந்து என்ன பண்றே?"

"தட்டான் பார்க்கிறேங்க."

"சொட்டுத் தண்ணி இல்லாத இடத்துல தட்டான் எங்கேயிருந்துய்யா வரும்?"

கண்ணாடிக்கடைக்காரருக்குப் பளிச்சென்று விளங்கியது. மூன்று இடத்திலும் ஒன்றும் கிடையாது; அப்படியானால் காட்டிய படமெல்லாம் எங்கேயோ திருடியது! ஆள் மாட்டிக்கொண்டார்! பசி, கால்வலி எல்லாம் பறந்தது. ஏழு கிலோமீட்டரையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்து, வாசலிலிருந்தே கத்திக்கொண்டு நுழைந்தார்.

"அந்த மருந்துக்கடை ஆளு பித்தலாட்டக்காரன்! இப்பவே சங்கத்துக்குப் போன் போட்டுப் பேரை நாறடிக்கிறேன் பாரு!"

மனைவி பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ், கத்தாதீங்க, தட்டான் பறந்துடப் போகுது! மூணு வாரமா நீங்க அந்தப் பக்கம் கிளம்பினதும் நீங்க அனுப்பினதாச் சொல்லிட்டு இந்தப் பக்கம் வந்துடுவாரு, இப்பவும் பின்னாடி என் அல்லித் தொட்டிகிட்டதான் படம் எடுத்துட்டிருக்காரு. வரைபடத்துல அவர் பேருக்குக் கீழே நம்ம வீட்டு விலாசத்தைப் போட்டுக்கலாமான்னு கேட்டாரு, தாராளமாப் போட்டுக்கோங்கன்னுட்டேன்!"