பெரட்டம்மாவின் பிலோமினாக்கள்

தன் பெயரை இத்தனை நேசித்த ஒரு பிறவி பதுளையிலிருந்து பண்டாரவளை வரைக்கும் கிடையாது என்று நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவேன். சிலர் காணியைக் கட்டிக்கொண்டு அழுவார்கள், சிலர் நகையை. பதுளை பஸ் ஸ்டாண்டிலிருந்து மூச்சு வாங்க ஏறிப் போகிற மேட்டுத் தெருவில், பொம்பளைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கப் போடிங் நடத்திய எங்கள் அம்மையார் கட்டிக்கொண்டு அழுதது ‘பிலோமினா’ என்ற நாலெழுத்தை.

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரைச் சொல்லி அவரை நாங்கள் யாரும் கூப்பிட்டதே இல்லை. முகத்துக்கு முன்னால் ‘அம்மா’, முதுகுக்குப் பின்னால் ‘பெரட்டம்மா’. தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகுமுன் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கங்காணி மகளாகப் பிறந்த இந்த அம்மா அந்த வழக்கத்தை முழுசாக மூட்டை கட்டிப் பதுளைக்குக் கொண்டுவந்திருந்தார். காலை ஆறு மணிக்குப் போடிங் முற்றத்தில் பதினாலு பெண்களும் தலை வாரி, பல் துலக்கி வரிசையில் நிற்க வேண்டும். பெரட்டே வேண்டாம் என்றுதான் எங்களைப் பெற்றவர்கள் கடன் உடன் வாங்கிக் கம்ப்யூட்டர் படிக்க அனுப்பினார்கள். நாங்கள் வந்து விழுந்த இடம் இது.

பெரட்டில் எங்கள் பெயர்கள் படும் பாடு சொல்லி மாளாது.

“தக்ஷிகா!”

“அம்மா!”

“இதுக்கு என்னாடி அர்த்தம்?”

“தெரியாதுங்கம்மா. ஸ்டைலா இருக்குன்னு அப்பா வச்சாரு.”

“நாய்க்குட்டிக்குப் பேரு வைக்கிறவன்கூட ரெண்டு நாளு யோசிப்பான். ஒங்கப்பன் ஒன்னும் யோசிக்கல. அடுத்தது யாரு, டிலுக்ஷிகா! ஒனக்கு என்னா அர்த்தம்?”

“அக்கா பேரு டிலுஷிகாங்கம்மா. அதுக்குப் பொருத்தமா வச்சது.”

“மேச கதிரையாடி நீங்க, செட்டு செட்டா வாங்குறதுக்கு?”

இப்படிப் பதினாலு பெயருக்கும் தீர்ப்புச் சொல்லி முடித்த பிறகு, எங்களை நிற்க வைத்தே தன் பெயரின் வரலாற்றுக்கு வருவார். ரோமாபுரியில் ஒரு பழைய கல்லறை. அதன் வாயை மூன்று ஓடுகளால் அடைத்திருந்தார்கள். ஓடுகளில் எழுத்து இருந்தது. வாசித்தால் ஒரு மண்ணும் விளங்கவில்லை. பிறகு யாரோ ஒரு புத்திசாலி, முதலாவது ஓட்டைத் தூக்கிக் கடைசியில் வைத்து வாசித்துப் பார்த்தாராம். “பிலோமினா, உனக்குச் சமாதானம்” என்று வந்ததாம். உள்ளே ஓர் இளம்பெண்ணின் எலும்புகள். அவரைத்தான் பிறகு புனிதை என்று உலகம் முழுக்கக் கும்பிட்டார்கள்.

“பாத்தீங்களாடி? அந்த மேசன் பாஸ் அவசரத்துல ஓட்ட மாத்தி வச்சிட்டுப் போயிட்டான். எத்தன நூறு வருசம் பேரு தெரியாமக் கெடந்திருக்கா அந்தப் புள்ள!” என்பார் பெரட்டம்மா. சொல்லும்போது அந்த மேசன் பாஸ் போன வாரம்தான் எங்கள் குளியலறைக்கு ஓடு பதித்துவிட்டுப் போனவர் மாதிரிக் கோபம் வரும்.

அதைவிடப் பெரிய கோபம் ஒன்று இருந்தது. அந்தப் புனிதையைப் பற்றிப் போதிய ஆதாரம் இல்லை என்று பிற்காலத்தில் ரோமாபுரியில் அவருடைய திருநாளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். இந்தச் செய்தி நடந்து பல வருடம் கழித்துத்தான் பெரட்டம்மாவின் காதுக்கு வந்திருக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு நேரே பங்குத்தந்தையிடம் போய்விட்டார்.

“ஃபாதர், எம்பேர எடுத்துட்டீங்களாமே?”

“நான் எடுக்கலியேம்மா.”

“அப்ப எடுத்தவங்களுக்கு ஒரு கடுதாசி போடுங்க. பதுளையில ஒருத்தி உசுரோட இருக்கான்னு எழுதுங்க. அதுக்கு மேல என்னா ஆதாரம் வேணும்?”

ஃபாதர் கடிதம் போட்டாரா என்று தெரியாது. அன்றிலிருந்து பெரட்டம்மாவைத் தெருவில் கண்டால் மற்றப் பக்கம் போய்விடுவார் என்பது மட்டும் தெரியும். ஒருமுறை குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பிரதர், “கிரேக்கத்தில் அந்தப் பெயருக்கு அன்பு, காதல் என்ற மாதிரிப் பொருள் வரும் அம்மா” என்று எங்கள் முன்னால் சொல்லிவிட்டார். “பொம்பளப் புள்ளங்க இருக்கிற எடத்துல அந்தப் பேச்செல்லாம் வேணாம் பிரதர்” என்று தேத்தண்ணியைக்கூட முழுசாகக் குடிக்க விடாமல் அனுப்பி வைத்தார். ஆனால் அன்று முழுக்க முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது.

புனிதைக்கு அடுத்தபடியாக உள்ளூர்ப் பிரபலங்கள். ஊவா மாகாணத்தில் தனக்குத் தெரிந்த எல்லாப் பிலோமினாக்களின் சரித்திரமும் அவருக்கு மனப்பாடம். நமுனுகுலையில் ஒரு பிலோமினா, தோட்டத்து லயன் வீடுகளுக்குத் தண்ணீர்ப் பைப் வரும் வரைக்கும் நகரமாட்டேன் என்று தோட்டத் தொரையின் ஜீப்புக்கு முன்னால் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு வைத்து உலை ஏற்றியவர். சோறு வெந்ததும் தொரைக்கும் ஒரு தட்டு வைத்தாராம், அவரும் சாப்பிட்டாராம். வெலிமடையில் ஒரு பிலோமினா, கண்ணை மூடிக்கொண்டு உருளைக்கிழங்கை அமுக்கிப் பார்த்தே எந்த ஊர்த் தோட்டத்துக் கிழங்கு என்று சொல்லுவார். ஹல்துமுல்லைப் பிலோமினாவுக்கு ஏழு பெண்கள். அவருடன் மட்டும் பெரட்டம்மாவுக்கு ஒரு மனத்தாங்கல்.

“ஏழு தடவ சான்ஸு கெடச்சிருக்குடி அவளுக்கு. ஒன்னுக்காவது பிலோமினான்னு வச்சாளா?”

அங்கேதான் இருந்தது அவருடைய உண்மையான கவலை. இப்போது பிறக்கிற எந்தக் குழந்தைக்கும் யாரும் அந்தப் பெயரை வைப்பதில்லை. அவர் அறிந்த பிலோமினாக்களில் ஆக இளையவருக்கே நாற்பத்தெட்டு வயது. மேட்டுத் தெருவில் வயிறும் பிள்ளையுமாக ஒரு பெண் நடந்து போனால் போதும், பெரட்டம்மா கையில் புனிதையின் படத்தோடு வாசலில் நிற்பார். சைவமா, வேதக்காரரா என்றெல்லாம் பார்க்கமாட்டார். ஒரு பெண் ஒப்புக்கொண்டு, பெரட்டம்மா பின்னிக் கொடுத்த கம்பளித் தொப்பியையும் காலுறையையும் வாங்கிக்கொண்டு போனாள். குழந்தைக்கு ‘ஃபியோனிக்ஷா’ என்று பெயர் வைத்தாள். பெரட்டம்மா இரண்டு நாள் பெரட்டுப் பிடிக்கவில்லை.

“இந்தக் கெழவிங்க போய்ச் சேந்தா இந்தப் பேரும் போச்சுடி,” என்று சோற்றைப் பிசைந்தபடி சொல்லுவார். அவருக்கு எதிரே உட்கார்ந்து அதே சோற்றைத் தின்றுகொண்டிருந்த நான் தலையைத் தட்டுக்குள் புதைத்துக்கொள்வேன்.

காரணம், என் பெயர் பிலோமினா.

என்னைப் பெற்ற அம்மா நேர்ந்துகொண்டு வைத்த பெயர். தோட்டத்தில் அது மற்றப் பெயர்களைப் போல ஒரு பெயராகத்தான் இருந்தது. நமுனுகுலையிலிருந்து பஸ் ஏறிய அன்று, பக்கத்தில் இருந்த ஒருத்தி என் பெயரைக் கேட்டுவிட்டு, “எங்க பெரியாத்தாவுக்கும் அந்தப் பேருதான், போன வருசம் செத்துட்டாங்க” என்றாள். எனக்கு வயது பத்தொன்பது. பஸ் பதுளைக்குள் நுழையும்போது கலியாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற கடை ஒன்றின் போர்டில் ‘ஷாமினி’ என்று எழுதியிருந்தது. ஸ்டாண்டில் இறங்கியபோது நான் ஷாமினி. கம்ப்யூட்டர் கிளாஸிலும் ஷாமினி, போடிங்கிலும் ஷாமினி. பெரட்டம்மாவின் கதை தெரிந்த பிறகு பயம் இன்னும் கூடிவிட்டது. உண்மை தெரிந்தால் என்னைக் கிழவிகளோடு உட்கார வைத்துத் தொப்பி பின்னப் பழக்கிவிடுவார் என்று நினைத்தேன்.

போடிங்கில் சேர ஐடென்டி கார்டின் கொப்பி கொடுக்க வேண்டும். “இன்னும் வரலைங்கம்மா” என்றேன். முதல் வருடம் நம்பினார். இரண்டாம் வருடம் கிராம சேவகரைத் திட்டினார். மூன்றாம் வருடம், நான் போட்டோ கொப்பிக் கடையில் வேலைக்கே சேர்ந்துவிட்டேன், அப்போதும் ஐடென்டி வரவில்லை. “நாளைக்கி நானே ஒங்கூட ஒப்பீசுக்கு வர்றேன். அவங்களா நானான்னு பாத்துருவோம்” என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். மறுநாள் எனக்குக் காய்ச்சல் என்று படுத்துவிட்டேன். கொத்தமல்லி அவித்துக் கொண்டுவந்து தலைமாட்டில் உட்கார்ந்து புகட்டினார். அந்தக் கார்ட் என் தகரப் பெட்டிக்குள் கிடந்தது, அவருடைய முழங்காலிலிருந்து ஒரு முழத் தூரத்தில். என்னைப் போல ஒரு களவாணியை அந்தப் போடிங் கண்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் என் அம்மா வந்து சேர்ந்தாள். இடுப்பில் பலாக்காயோடு கேட்டுக்கு வெளியே நின்று, மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரலில் ஒரு சத்தம் போட்டாள்.

“பிலோமினா! ஏ பிலோமினா!”

நான் மாடியிலிருந்து விழுந்தடித்து இறங்கினேன். எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது பெரட்டம்மா. குசினியிலிருந்து கரண்டியும் கையுமாக, ஒரு காலில் செருப்பு, மறு காலில் இல்லை.

“வந்துட்டேன், வந்துட்டேன்! யாரு? யாரு என்னயக் கூப்பிட்டது?”

அம்மா திருதிருவென்று விழித்தாள். நான் பாய்ந்து போய் அவள் கையைக் கிள்ளினேன். “அம்மா, இவங்கதான் எங்க போடிங் அம்மா. பேரு பிலோமினா. நான் சொல்லியிருந்தேன்ல?”

என் அம்மா லேசுப்பட்டவள் இல்லை. ஒரு நொடிதான் யோசித்தாள். “ஆமாங்க. பேரச் சொல்லிக் கூப்பிட்டத தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பா? இன்னொருக்கா கூப்பிடுங்க!”

அம்மா கூப்பிட்டாள். பெரட்டம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். பிறகு அம்மாவுக்குப் பால் போட்ட தேத்தண்ணி, கேக், போகும்போது ஒரு சோடி தொப்பி. பஸ்ஸுக்கு நடந்தபோது அம்மா கேட்டாள், “ஒம்பேர அந்தம்மாகிட்ட குடுத்துட்டியாடி?”

ஒவ்வொரு ஆகஸ்டிலும், அந்தப் பழைய திருநாள் அன்று, பெரட்டம்மா ஊவாவின் பிலோமினாக்களுக்கெல்லாம் விருந்து வைப்பார். மஞ்சள் சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய் மோஜு, அப்பளம், வட்டிலப்பம். மேசையில் பிலோமினாக்கள் மட்டும்தான் உட்காரலாம். நாங்கள் பரிமாற வேண்டும். நான் வந்த வருடம் ஒன்பது பேர் வந்தார்கள். “பிலோமினா, அந்த மோஜுவ இப்புடித் தள்ளு” என்று ஒருத்தி சொன்னால் ஒன்பது கை மோஜுவுக்கு நீளும். அடுத்த வருடம் ஆறு பேர்.

மூன்றாவது வருடம் எண்ணெய் வரிசை வருடம். பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, காஸ் இல்லை. பெரட்டம்மா கொல்லைப்புறத்தில் தேயிலை மிலாறு விறகை எரித்து, கண் சிவக்கச் சிவக்க ஆறு பேருக்கும் சமைத்தார். பதினொரு மணிக்கு முதல் போன் வந்தது. நமுனுகுலையிலிருந்து பஸ் இல்லை. பிறகு வெலிமடை. பிறகு ஹல்துமுல்லை, ஏழு பெண்களில் ஒருத்தி பேசினாள், “அம்மாவுக்கு முழங்கால் வீங்கிப்போச்சுங்க.” இரண்டு மணிக்கு ஆறாவது போனும் வந்துவிட்டது.

ஆறு தட்டு, ஆறு கதிரை. மேசைத் தலைப்பில் அவர் மட்டும்.

“எடுத்துப் போட்டு நீங்களே சாப்பிடுங்கடி,” என்றார். திட்டவில்லை, சத்தமும் போடவில்லை. “அடுத்த வருசத்துல இருந்து இது வேணாம். போதும்.”

எனக்குத் தாங்கவில்லை. மேலே ஓடிப் பெட்டியைத் திறந்து ஐடென்டியை எடுத்துவந்து அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

“இது யாருதுடி?”

“என்னோடதுங்கம்மா.”

“வரலன்னு சொன்ன?”

“நான் இங்க வரும்போதே இருந்துச்சுங்க.”

“திருட்டுக் கழுத! மூணு வருசம்! அந்தக் கிராம சேவகர எத்தன பேச்சுப் பேசியிருப்பேன்! போன வருசம் இந்த மேசையில வட்டிலப்பத்தப் பரிமாறிக்கிட்டு நின்னியே, வாயத் தொறந்தியா?” கால் மணி நேரம் திட்டினார். மற்றப் பிள்ளைகள் ஓடி ஒளிந்துகொண்டார்கள். திட்டி முடித்து மூச்சு வாங்கி, பக்கத்துக் கதிரையைக் காலால் தள்ளினார். “ஒக்காரு.”

உட்கார்ந்தேன். சோறு போட்டார். நான் பிசையத் தொடங்கியதும், “என்னா பேசாம இருக்க?” என்றார்.

“என்னாங்கம்மா பேசுறது?”

“இந்த மேசையில அம்மா கிம்மால்லாம் கெடையாது. பேரச் சொல்லித்தான் பேசணும்.”

“ஐயோ, வயசுல பெரியவங்கள எப்புடிங்க…”

“சொல்லுடி.” அவர் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எங்கம்மா இருந்தவரைக்கும் கூப்பிட்டாங்க. எம்புருசன் ‘இந்தா’ன்னு கூப்பிட்டாரு, நீங்க பெரட்டம்மான்னு கூப்பிடுறீங்க, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. வருசத்துல இந்த ஒரு நாளுதான் எம்பேரு எங்காதுல விழுது.”

சொந்தப் பெயர்தான், வாயில் வர மறுத்தது. கடைசியில் எப்படியோ சொல்லிவிட்டேன்.

“பிலோமினா… அப்பளம் வேணுமா?”

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வேணும் பிலோமினா. ரெண்டு வை.”

போடிங் இப்போது இல்லை. அவர் பண்டாரவளையில் தங்கச்சி மகள் வீட்டில் இருக்கிறார், நான் கொழும்பில். ஞாயிறு தவறாமல் போன் பண்ணிப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் யாரோ கூடப் படித்த தோழியோடு பேசுவதாக நினைத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை, அவர் எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டார். சில ஞாயிறுகளில் எடுக்கக் கொஞ்சம் தாமதமாகிறது. மணி அடித்துக்கொண்டே இருக்கிற அந்த நேரம் முழுக்க நான் அந்தப் புனிதையைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.