நாலே அரைக்கால்

"அக்கா, திருப்பி ஏத்துங்க. திருப்பி ஏத்துங்கக்கா."

திங்கட்கிழமை காலையில், மேட்டின் உச்சியில், தடுப்புக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாட்ச்மேன் கத்தினார். டிரைவரம்மா பதிலுக்குக் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டு இரண்டாம் முறையாக ஏற்றினாள். பாதி மேட்டில் பிக்கப் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்துப் பின்னாலேயே அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தாள். மரச் சட்டத்தில் நிறுத்திக் கட்டியிருந்த ஜன்னல் கண்ணாடிகள் கிணுகிணுவென்று சிணுங்கின.

"திருப்பி ஏத்துங்கக்கா." வாட்ச்மேன் இந்த முறை கையால் காற்றில் ஒரு வட்டமும் போட்டார்.

ஒரு மனுஷி எத்தனை தடவைதான் திருப்பித் திருப்பி ஏற்றுவாள்? இருந்தாலும் மூன்றாம் முறையும் ஏற்றினாள். வண்டி மூன்றாம் முறையும் இறங்கியது.

கட்டட மேஸ்திரி நடந்தே கீழே வந்தார். மேலே புதிதாகக் கட்டும் பள்ளிக்கூடத்துக்கு முந்நூறு ஜன்னல். அத்தனை கண்ணாடியும் இந்த மேட்டில்தான் ஏறியாக வேண்டும்.

"வெள்ளிக்கிழமை காலைல ஒரு லோடு மேல வந்து சேரணும்மா. வந்தா முழு வேலையும் உங்களுக்கு. வரலைன்னா டிராக்டர்காரரைக் கூப்பிட்டுடுவேன். தப்பா நினைக்காதீங்க."

"வரும்."

"வண்டி வருமா?"

"நான் வந்தா வண்டியும் வரும்," என்றாள்.

இதுவரை அவள் ஓட்டியதெல்லாம் கணவனின் பட்டறை சாமான், கணவனின் சிநேகிதர்கள் வீட்டுக் கட்டில், பீரோ. இது ஒன்றுதான் அவள் தானாகப் போய்ப் பேசி, தன் பெயரிலேயே வாங்கிய வேலை. மேட்டுக்கு வரும் வழியெல்லாம் பாறை, வண்டியின் வயிறு தட்டுகிறது என்று போன வாரம்தான் பெரிய டயர் வாங்கி மாட்டினாள். கணவன் வேண்டாமென்றான். மாமனார் வேண்டாமென்றார். இரண்டு பேரும் வேண்டாமென்ற பிறகு வாங்காமல் இருப்பாளா?

வீட்டின் முன்பகுதிதான் பட்டறை. மாமனார் அதை மகனிடம் ஒப்படைத்து ஆறு வருஷம் ஆகிறது. நாற்காலியை மட்டும் ஒப்படைக்கவில்லை. வாசலுக்கு நேரே அதைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மகன் முடுக்கும் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு பெருமூச்சு விடுவார்.

"பழைய டயரை மாட்டிடு," என்றான் கணவன்.

"பழைய டயரையே மாட்டிடும்மா. யானைச் செருப்பைப் பூனைக்குப் போட்டா நடக்குமா?" என்றார் மாமனார்.

அப்பாவும் மகனும் ஒரே விஷயத்தைச் சொன்னது அந்த வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"மாட்ட மாட்டேன். டயருக்குத் தகுந்த மாதிரி வண்டியை மாத்துங்க. வீட்டுல ரெண்டு மெக்கானிக்கை வச்சுக்கிட்டு நான் தெருவுல போய்க் கெஞ்சணுமா?"

விஷயம் பெரிய கம்பசூத்திரம் ஒன்றுமில்லை. இன்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்பதுதான் ரேஷியோ. இந்த வண்டிக்கு அது மூணே முக்கால். சக்கரம் பெரிதானால் ஒரே சுற்றில் அதிக தூரம் போக வேண்டும். இன்ஜினுக்கு மூச்சு முட்டும். தண்டு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றும்படி பல்சக்கரங்களை மாற்றினால் சரியாகிவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பதால் முன் அச்சிலும் பின் அச்சிலும் ஒரே அளவாக மாற்ற வேண்டும். மேடு ஏறுவதற்கென்றே ஒரு லிவர் உண்டுதான். மாமனார் அதை ஒருமுறை சரிசெய்தார். அன்றிலிருந்து அது வேலை செய்வதில்லை.

மற்ற வீடாக இருந்தால் இது ஐந்து நிமிஷப் பேச்சு.

"கியரை இறக்கணும்," என்றான் கணவன்.

"நம்பரை ஏத்தணும்," என்றார் மாமனார்.

"இறக்கணும்ப்பா."

"ஏத்தணும்டா."

நம்பர் ஏறினால் கியர் இறங்கும். இரண்டும் ஒன்றுதான். அது அப்பாவுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். தெரிந்துவிட்டால் சண்டை நின்றுவிடுமா என்ன?

"ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க?" என்றாள் அவள்.

"நீ சும்மா இரு," என்றார்கள் இருவரும். அந்த வருஷத்தில் இரண்டாம் தடவை.

கணவன் உதிரிபாகக் கடைக்குப் போன் போட்டான். நம்பரைச் சொன்னால் அது அப்பா கட்சி ஆகிவிடும். அதனால் நம்பரையே சொல்லவில்லை.

"இப்ப இருக்கிறது மூணே முக்கால். அதுக்கு இறக்கமா ஒண்ணு அனுப்பும்மா. முன்னுக்கும் பின்னுக்கும்."

கடையில் போன் எடுக்கும் பெண் கெட்டிக்காரி. இறக்கமாகக் கேட்டால் இறக்கமாகத்தான் கொடுப்பாள். செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டி வந்து இறங்கியது. கழற்றி வைத்திருந்த பழைய பல்சக்கரச் செட்டைக் கடை வண்டி மாற்றுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டது.

"பல்லை எண்ணிப் பாத்து மாட்டுடா," என்றார் மாமனார்.

அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக மகன் எண்ணவில்லை.

சாயங்காலம் வண்டி சமதளத்தில் பறந்தது. டிரைவரம்மாவுக்கே பூரிப்பு. திரும்பி வந்து, பட்டறை வாசலில் இருக்கிற முழ உயரச் சரிவில் ஏற்றினாள். வண்டி நின்றுவிட்டது. எதிர்க்கடைத் தையல்காரரும் இன்னும் இரண்டு பேரும் வந்து தள்ளி உள்ளே விட்டார்கள்.

மாமனார் எழுந்துபோய்த் தாமே பல்லை எண்ணினார். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"மூணேகால்டா. மூணேகாலைப் போட்டு வச்சிருக்கான் பாரு. வெளங்கிடும்."

"சிரிச்சது போதும் மாமா. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாள்தான் இருக்கு. என்ன போடணும், அதைச் சொல்லுங்க."

"நாலே அரைக்கால். கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்."

"நாலு சக்கர வண்டிக்கு எதுக்குப்பா அரைக்கால்?" என்றான் மகன்.

மாமனார் காலத்தில் பாயின்ட் கணக்கு கிடையாது. காலில் பாதி அரைக்கால், எட்டில் ஒரு பங்கு. அவருக்கு உலகமே அப்படித்தான். போனை வாங்கி, காது கேட்காதவரிடம் பேசுவது போல உரக்கச் சொன்னார்.

"நாலே அரைக்கால். முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணு."

"நாலு... அரை... காலா தாத்தா?"

"அதேதான்." தாத்தா என்றதில் ரோஷம் வந்து போனை வைத்துவிட்டார்.

புதன்கிழமை பெட்டிகள் வந்தன. மாமனார் சட்டையைக் கழற்றிவிட்டுத் தாமே வண்டிக்கடியில் படுத்தார்.

"பல்லை எண்ணிப் பாருங்க," என்றான் மகன், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு.

"எனக்கே சொல்லித் தரியா?" என்று எண்ணாமல் மாட்டினார்.

வியாழக்கிழமை காலையில் டிரைவரம்மா வண்டியை எடுத்து, நான்கு சக்கரத்தையும் இழுக்க வைக்கும் மற்றொரு லிவரை இழுத்தாள். வண்டி ஒரு அடி போனது. முன் சக்கரம் ஒரு வேகம் என்றது, பின் சக்கரம் வேறொரு வேகம் என்றது. இரண்டும் ஒரே வண்டியில் இருந்துகொண்டு விட்டுக்கொடுக்காமல் முறைத்தன. அந்த வீட்டு ஆம்பிளைகள் மாட்டிய சாமான் பின்னே எப்படி இருக்கும்? அவள் முரட்டுத்தனமாக ஒரு மிதி மிதித்தாள். பின்னால் ‘மடார்’ என்று சத்தம் கேட்டது.

போனை எடுத்துக் கடைப்பெண்ணிடம் கேட்டாள்.

"நாலரை ஒண்ணு, நாலேகால் ஒண்ணு அனுப்புனேங்க. முன்னுக்கு ஒண்ணு, பின்னுக்கு ஒண்ணுன்னு தாத்தா தெளிவாச் சொன்னாரே. நாலு, அரை, கால்னு."

"அரைக்கால்மா."

"அரைக்கு அரை அனுப்பிட்டேன், காலுக்குக் கால் அனுப்பிட்டேன். வேற என்னக்கா?"

பின் அச்சில் இரண்டு பல் போயிருந்தது. புதுசு சனிக்கிழமைதான் வருமாம். முன் அச்சு சாமான் பின்னுக்குப் பொருந்தாது. பட்டறையில் மிச்சம் இருந்தது மூணேகால்தான். வேறு வழியில்லாமல் அதையே பின்னால் மாட்டி, இரண்டும் மறுபடி முறைக்காமல் இருக்க முன் தண்டைக் கழற்றிப் போட்டார்கள். நான்கு காசு பெறாத வேலையை நான்கு நாள் செய்து, திங்கட்கிழமை இருந்ததைவிட மோசமான வண்டியைக் கையில் கொடுத்தார்கள்.

கணவன் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றான். "மேட்டு வாட்ச்மேன் போன் பண்ணாரு. திருப்பி ஏத்தச் சொல்லுங்கன்னாரு."

"ஏத்தத்தானே இந்தப் பாடு? அந்த ஆளுக்கு அதைத் தவிர வேற வார்த்தையே தெரியாதா?"

"விட்டுடேன். இது போனா அடுத்த வேலை வராமலா போயிடும்?"

"வரும். உங்க பேர்ல வரும்."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. முந்நூறு ஜன்னலும் கையைவிட்டுப் போய், நாளையிலிருந்து மறுபடியும் யார் வீட்டுக் கட்டிலையோ ஏற்றி இறக்குவதை நினைக்கவே பிடிக்கவில்லை. ஆனால் பழைய டயர்கள் சுவரோரமாகச் சாய்ந்திருந்த பக்கம் அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மேட்டடியில் டிராக்டர்காரர் ஏற்கெனவே வந்து, இன்ஜின் மூடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். மேலே மேஸ்திரி நின்றார், வாட்ச்மேன் நின்றார். கணவனும் மாமனாரும் ஒரே ஸ்கூட்டரில் ஒருவரோடொருவர் பேசாமல் வந்து இறங்கினார்கள்.

முதல் கியர். மிதித்தாள். மேட்டில் அரைக்கால் தூரம்கூட ஏறவில்லை. வண்டி அணைந்து, பின்வாங்கி, அடிவாரத்தில் வந்து நின்றது.

"கயிறு கட்டி இழுக்கவா தங்கச்சி?" என்று கேட்டார் டிராக்டர்காரர். கிண்டலாகக் கேட்கவில்லை, பரிதாபப்பட்டுத்தான் கேட்டார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அடிவாரத்து அகலமான இடத்தில் வண்டியை வளைத்துத் திருப்பினாள். முகப்பு வீட்டைப் பார்த்து நின்றது. "பாவம், கிளம்பிட்டா," என்றார் மாமனார். கணவன் ஸ்கூட்டர் சாவியை எடுத்தான்.

அவள் கிளம்பவில்லை. பத்து வருஷமாக அந்த வண்டியை ஓட்டுகிறாள். அதில் எல்லாவற்றையும்விட நிதானமான, எல்லாவற்றையும்விட வலுவான கியர் எது என்று அவளுக்குத் தெரியும். சேற்றில் மாட்டிய நாளெல்லாம் அவளை வெளியே கொண்டுவந்தது அதுதான். மேடு நேராகப் போக விடவில்லை அல்லவா? நேராகப் போகவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? ரிவர்ஸ் போட்டாள்.

வண்டி முனகியது. பெரிய டயர்கள் கல்லைக் கவ்வின. அவள் கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தாள். ஏற்றியிருந்த லோடே கண்ணாடி. அதன் வழியாகவே மேடு முழுக்கத் தெளிவாகத் தெரிந்தது. பாதி மேடு வந்தது. இன்ஜின் இருமியது. "இருமினே, நாளைக்கே உன்னைத் தராசுல வச்சு வித்துடுவேன்," என்றாள். முக்கால் மேடு வந்தது. அடிவாரத்தில் ஆட்கள் சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

பின்கதவை முன்னால் வைத்துக்கொண்டு, வண்டி உச்சிக்குப் போய் நின்றது. ஒரு கண்ணாடிகூடக் கீறவில்லை.

மேஸ்திரி சட்டத்தைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். "நாளைக்கு எத்தனை மணிக்கு வருவீங்கம்மா?" என்றார்.

"நீங்க எழுந்திருக்கிறதுக்கு முன்னாடி வந்துடுவேன்."

அவள் ஸ்டியரிங்கை விடாமல் சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. மூச்சிரைக்க ஏறி வந்த கணவன் முதலில் அவளைப் பார்த்தான், பிறகு அப்பாவைப் பார்த்தான்.

"பாத்தீங்களா, நான் மாட்டுன மூணேகால்தான் ஏறுச்சு."

"நாலே அரைக்கால் இருந்திருந்தா நேராவே ஏறியிருக்கும்டா."

"எங்க ஏறியிருக்கும்?"

"எண்ணிப் பாத்தியா நீ?"

வாட்ச்மேன் தடுப்புக் கம்பத்தை இறக்கிவிட்டு, டிரைவரம்மாவின் ஜன்னலோரம் வந்து நின்றார். திங்கட்கிழமை கத்திய கத்தலில் அவருக்கு இன்னும் தொண்டை கட்டியிருந்தது.

"இதைத்தானேக்கா முதல் நாளே சொன்னேன், வண்டியைத் திருப்பி ஏத்துங்கன்னு."