கேஸ்கட்டைக் குப்புறப் போட்டவன்

அமரர் ஊர்தி ஒன்று மெக்கானிக்கின் ஷெட் வாசலில் வந்து நின்றபோது மணி பன்னிரண்டு. முன்பக்கம் ஆவி, பின்பக்கம் வெள்ளைப் புகை. உள்ளே ஒரு பெட்டி. அதன் அருகே இறந்தவரின் மனைவி, அவளுடைய தம்பி.

“ஆறு மணிக்கு மயானத்துக் கேட்டைப் பூட்டிடுவாங்கண்ணே. வேற வண்டியும் கிடைக்கல” என்றான் டிரைவர்.

மெக்கானிக் ஆயில் குச்சியை உருவினார். ஆயில் பால் ஊற்றிய டீ போல இருந்தது.

“எஞ்சின் ஹெட்டுக்கு அடியில இருக்குற தகடு, கேஸ்கட் போச்சு. தண்ணி ஆயில்ல கலந்துடுச்சு. கடைசியா எப்ப மாத்துனது?”

“போன மாசம்னு ஓனர் சொன்னாரு. நான் சேர்ந்தே நாலு நாள்தான் ஆகுது.”

“போன மாசமா! எந்தப் புண்ணியவான்?”

டிரைவர் உதட்டைப் பிதுக்கினான். தம்பிக்காரர் இருமினார்.

வண்டியை ஷெட்டுக்குள் தள்ளினார்கள். மெக்கானிக் தண்ணீரை வடித்து, டீசல் குழாய்களைக் கழற்றி, ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து தளர்த்திக்கொண்டு வந்தார். மூன்றாவது போல்ட் அசையவில்லை. ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி, மூச்சைப் பிடித்து இழுத்தார். போல்ட்டின் தலை மட்டும் கையோடு வந்தது.

“பேய் பிடிச்ச மாதிரி முறுக்கி வச்சிருக்கான் பாரு!”

அந்த ஆத்திரத்தில் ஹெட்டை மரச் சுத்தியலால் ஓங்கித் தட்டினார். மேலே வைத்திருந்த நட்டு ஒன்று துள்ளி எஞ்சினுக்குள் விழுந்தது. இனி அடியில் ஆயில் தொட்டியையும் கழற்றியாக வேண்டும்.

“இதுவும் அவனாலதான்!” என்றபடி வண்டிக்கு அடியில் நுழைந்தார். வண்டிக்குள் ஒருவர், கீழே ஒருவர் மல்லாந்து படுத்திருந்தார்கள். கீழே இருந்தவர் மட்டும் திட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்த நேரத்தில் ஆயில் முகத்தில் கொட்டியது.

“அண்ணே, கொஞ்சம் மெதுவா...” என்று குனிந்தார் தம்பிக்காரர்.

“மெதுவா செஞ்சா கேட்டைப் பூட்டிடுவான்யா!”

மூன்று மணிக்கு ஹெட் கழன்று வந்தது. மெக்கானிக் கேஸ்கட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“குப்புறப் போட்டிருக்கான்! ஆயில் போற ஓட்டையையே அடைச்சு வச்சிருக்கான். போதாததுக்குப் பசை வேற! இவனெல்லாம் எஞ்சினைத் தொடலாமா?”

பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அந்த அம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். பாவம், துக்கத்தில் இருக்கிறாள் என்று மெக்கானிக்குக்கு மனம் இளகியது. பிறகு ஒடிந்த போல்ட்டைத் துளைபோட்டு எடுக்கும்போது அந்த மனம் மறுபடியும் இறுகிவிட்டது.

ஒருவழியாகப் புதுக் கேஸ்கட் உட்கார்ந்து, ஹெட் இறுகி, எஞ்சின் உயிர் பெற்றபோது மணி ஐந்தேகால். புகை இல்லை. டிரைவர் ஓடிப்போய் சீட்டில் ஏறினான்.

மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

“ஒரு சாவு வீட்டையே இப்படி அலைய விட்டிருக்கான். அவன் மட்டும் என் கையில கிடைச்சான்னா...”

பின்கதவைச் சாத்தப்போன அந்த அம்மாள் நிறுத்தினாள்.

“கிடைச்சுட்டாரு தம்பி. மத்தியானத்துலேர்ந்து உங்க ஷெட்டுலதான் படுத்திருக்காரு.”