லிஃப்ட் ரிப்பேரான ஜிம்மில் ஒரு வருஷச் சந்தா

முடிச்சூர்,
ஜூன் 12, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி பென்னிக்கு,

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லி உன் அக்கா ரத்தினபாய் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் தெம்பாக இருக்கிறோம். கேளம்பாக்கத்தில் நீயும் கிறிஸ்டினாவும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மனைவி கொடுத்தனுப்பிய நெத்திலிக் கருவாடு வந்து சேர்ந்தது. நல்ல காரியம் செய்தாள். அவளுக்கு என் பிரியத்தைச் சொல்.

நிற்க. சிறுசேரியில் ஆபீசுக்குப் பக்கத்து ஜிம்மில் ஒரு வருஷத்துக்குச் சேரப்போகிறேன், ஞாயிற்றுக்கிழமையோடு ஆஃபர் முடிகிறது என்று நேற்று நீ போனில் சொன்னதும் என் கையிலிருந்த கரண்டி நழுவிச் சாம்பாருக்குள் போய்விட்டது. அப்போதே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் எதைச் சொன்னாலும் "ஆமாக்கா, கரெக்ட்டுக்கா" என்று சொல்லிக்கொண்டே கிரிக்கெட் பார்க்கிற ஆள் நீ. பொங்கல் சமயத்தில் எனக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் என்று சொன்னபோது "சூப்பர்க்கா" என்றாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கூரியரில் நாளைக்கு வந்துவிடும். கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் கார்டைப் பர்ஸிலிருந்து எடுக்காதே.

நான் ஜிம்முக்குப் போன கதை உனக்குப் பாதிதான் தெரியும். குருத்தோலை ஞாயிறு அன்று ஆரம்பித்தது. நம் கோயிலில் பாடகர் குழு நிற்கிற மேல்மாடத்துக்கு இருபத்திரண்டு படி, ஒரு ஆள் மட்டும் போகிற அகலத்தில் சுற்றிச் சுற்றி ஏறும் என்பது உனக்குத் தெரியும். பத்தொன்பது வருஷமாக அங்கே இரண்டாவது வரிசையில் முதல் இடம் என்னுடையது. அன்றைக்குப் பதிமூன்றாவது படியில் முட்டி "போதும்" என்று சொல்லிவிட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் இறங்க முடியவில்லை, எனக்குப் பின்னால் பதினோரு பேர் கையில் ஓலையோடு நிற்கிறார்கள், கீழே ஆர்கன் வாசிக்க ஆரம்பித்தாயிற்று, எனக்கு முன்னால் ஏறிப்போன இரண்டே இரண்டு ஆண்கள் மேலே நின்று மொத்தப் பாட்டையும் பாடி முடித்தார்கள். சபையார் அது ஏதோ புது முறை என்று நினைத்துக்கொண்டார்களாம். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ரொம்ப மென்மையாக, "சிஸ்டர், இனிமே நீங்க கீழ முன் பெஞ்சுல உக்காந்தே பாடலாமே" என்றார். அவர் வாயை மூடுவதற்குள் குழுவில் பின்வரிசையில் நிற்கிற பியூலா, "அக்கா, அதுவரைக்கும் உங்க எடத்துல நான் நிக்கட்டுமா?" என்றாள். அந்த 'அதுவரைக்கும்' இருக்கிறதே பென்னி, அது அடுத்த பத்தொன்பது வருஷத்துக்கான 'அதுவரைக்கும்' என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். உன் அத்தானிடம் வெங்காயம் என்று சொல்லிவிட்டேன். அன்று வீட்டில் வெங்காயமே இல்லை.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எலும்பு நன்றாகத்தான் இருக்கிறது, தொடையில்தான் வலு இல்லை, உடம்பும் கொஞ்சம் குறையவேண்டும், தினமும் ஏதாவது பயிற்சி செய்யுங்கள் என்றார். நம் தெருமுனையிலிருந்து வண்டியில் பத்து நிமிஷத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே, 'உருக்கு உடல் ஃபிட்னஸ்' என்று புதிதாகத் திறந்திருந்தார்கள். மூன்றாவது மாடி. அந்த வெள்ளத்துக்குப் பிறகு இந்தப் பக்கம் யாரும் விலை உயர்ந்த சாமானைக் கீழே வைப்பதில்லை அல்லவா. ஆனால் லிஃப்ட் இருந்தது. காலை பதினொன்றரை மணிக்கு நானும் உன் அத்தானும் போனோம். உள்ளே ஈ காக்கை இல்லை. ஏசி சில்லென்று ஓடுகிறது, நான்கு டிரெட்மில்லும் எனக்காகவே காத்திருக்கின்றன. இதுதான் நான் செய்த முதல் தப்பு. நீ எந்த நேரத்தில் தினமும் போகப்போகிறாயோ அந்த நேரத்தில் போய்ப் பார்க்கவேண்டும். பதினொன்றரை மணிக்குப் பார்த்தால் தாம்பரம் ஸ்டேஷன்கூட அமைதியாகத்தான் இருக்கும்.

மேனேஜர் பெயர் கதிரேசன். இரண்டு கையும் உடம்போடு ஒட்டாது, அப்படி வளர்த்து வைத்திருக்கிறார். என்னை ஒரு மெஷின்மேல் நிற்கவைத்து, அது துப்பிய சீட்டைப் படித்துவிட்டு, முகத்தைச் சோகமாக்கிக்கொண்டு, "மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க, உங்க பாடி வயசு எழுபத்தி நாலு காட்டுது" என்றார். எனக்கு அறுபத்தொன்று. உன் அத்தானும் அதில் ஏறிப் பார்த்தார், அவருக்கும் எழுபத்து நான்கு. அப்போதாவது எனக்கு மெஷின்மேல் சந்தேகம் வந்திருக்கவேண்டும். அதற்குள் கதிரேசன், "மாசா மாசம் கட்னா வேஸ்ட்டு மேடம், வருசத்துக்குப் போட்டுடுங்க, பாதி வெல, இன்னிக்கு ஒரு நாள்தான்" என்று நான்கு பக்கப் படிவத்தை நீட்டினார். பென்னி, உனக்குத் தெரியும், நான் முப்பத்தொரு வருஷம் பத்திரப் பதிவு ஆபீசில் வேலை பார்த்தவள். கையெழுத்துப் போட வருகிற ஒவ்வொருவரிடமும் "படிச்சுப் பாத்தீங்களா? முழுசாப் படிச்சீங்களா?" என்று கேட்டுக் கேட்டே தொண்டை தேய்ந்தவள். அப்படிப்பட்ட நான், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன். அதுவும் எப்படி, பழக்கதோஷத்தில் ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் சுருக்கொப்பம் வேறு வைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போனால் லிஃப்டில் ஒரு அட்டை தொங்குகிறது. 'பழுது'. படி ஏற முடியாத வியாதிக்கு வைத்தியம் பார்க்கச் சேர்ந்த இடத்துக்கு ஐம்பத்துநாலு படி! உன் அத்தான், "நீ மெதுவா ஏறு, நான் வண்டியப் பாத்துக்கறேன்" என்று பேக்கரி வாசலில் நின்றுவிட்டார். வண்டியைப் பார்ப்பதற்கு எக் பஃப்ஸ் ஏன் தேவைப்பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு மாடியிலும் நின்று, வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் சொல்லி, அரைமணி நேரத்தில் மேலே போய்ச் சேர்ந்தால், முந்தின நாள் பார்த்த இடமா அது! மூச்சுவிட இடமில்லை. நான்கு டிரெட்மில்லில் ஒன்றுதான் ஓடுகிறது, மற்ற மூன்றிலும் சட்டை காயப்போட்டிருக்கிறார்கள். கதிரேசன் ஓடிவந்து, "மேடம், நீங்க லேடீஸ் பேட்ச் ஆச்சே, பதினோரு மணிலேர்ந்து நாலு மணி வரிக்கும்தான் உங்க டைம். மூணாவது பக்கத்துல கீதே!" என்றார். பதினோரு மணிக்கு நான் சமைப்பேனா, உருக்கு உடல் தேடுவேனா?

இருந்தாலும் வந்ததற்கு ஒரு தரம் ஏறிப்பாருங்கள் என்று அந்த ஒற்றை டிரெட்மில்லில் ஏற்றிவிட்டார். காலில் கோயிலுக்குப் போடுகிற செருப்பு, தோளில் துப்பட்டா. முதலில் சுகமாகத்தான் இருந்தது. துப்பட்டா நுனி எந்தப் பொத்தானில் பட்டதோ, திடீரென்று அது எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரிக் கிளம்பிவிட்டது. நான் ஓடுகிறேன் பென்னி, வாழ்க்கையில் பஸ்ஸுக்குக்கூட அப்படி ஓடியதில்லை. "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்கிறேன், பாட்டுச் சத்தத்தில் கதிரேசன் அதை உற்சாகம் என்று எடுத்துக்கொண்டு, "அப்படித்தான் மேடம், வுடாதீங்க!" என்று கை தட்டுகிறார். கடைசியில் பக்கத்தில் எடை தூக்கிக்கொண்டிருந்த, முழு விலை கட்டி எந்த நேரமும் வருகிற ரோஹிணி என்கிற சாஃப்ட்வேர்ப் பெண்தான் பாய்ந்து வந்து ஒரு சிவப்புக் கயிறை இழுத்து நிறுத்தினாள். அந்தக் கயிறை ஏறும்போதே நம் சட்டையில் மாட்டிக்கொள்ளவேண்டுமாம். என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, ஒரு நாள் ட்ரையல் கேட்டிருக்கலாமே? ஒரு மாசம் கட்டிப் பாத்துட்டு அப்புறம் வருஷத்துக்குப் போட்டிருக்கலாமே? படிச்சுட்டுதானே சைன் பண்ணீங்க?" என்றாள். முப்பத்தொரு வருஷம் நான் கேட்ட கேள்வி. இன்னொரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அடுத்த நாள் கண்ணாடி போட்டுக்கொண்டு படிவத்தைப் படித்தேன். எக்காரணம் கொண்டும் பணம் திருப்பித் தரப்படாது. முதல் மூன்று வகுப்பு இலவசம், அதற்குப் பிறகு சொல்லிக்கொடுப்பவருக்குத் தனிக் கட்டணம். ஊருக்குப் போனாலோ காய்ச்சல் வந்தாலோ சந்தா நாட்களை நிறுத்திவைக்கவேண்டுமா, பதினைந்து நாள் முன்னதாக எழுதித் தரவேண்டும். காய்ச்சல் வருவதைப் பதினைந்து நாள் முன்னதாக யாரப்பா எழுதித் தருவார்கள்? எனக்கு வந்த கோபத்தில் அன்றே கிளம்பி, ஐம்பத்துநாலு படியும் ஏறி, பணத்தைக் கொடுங்கள் என்றேன். "ஓனர் வரணும் மேடம், நாளிக்கு வந்துடுவாரு." மறுநாள் ஏறினேன். "இப்பத்தான் மேடம் கெளம்பினாரு." அதற்கு மறுநாள், அதற்கும் மறுநாள். போன் செய்தால் எடுப்பதில்லை, ஆகையால் நேரிலேயே போய்ச் சண்டை போட்டேன். ஒரு மெஷினையும் தொடவில்லை. ஏறுவேன், சண்டை போடுவேன், இறங்குவேன். இரண்டாவது வாரம் கதிரேசன் பாவம், எனக்கென்று வரவேற்பு மேஜைப் பக்கத்தில் ஒரு நாற்காலியே போட்டுவிட்டார். "நான் இன்னா மேடம் பண்ணுவேன், மாசத்துக்கு இத்தினி பேர்னு என் தலைல கட்டிடறாங்கோ" என்று சொன்னபோது எனக்கே மனசு இளகிவிட்டது. அப்போது தயங்கித் தயங்கி ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அவர் அப்பா வாங்கின மனைப் பத்திரம். நான்கெல்லையில் தெற்கும் வடக்கும் மாறிக் கிடக்கிறது, இரண்டு வருஷமாகப் பட்டா வாங்க அலைகிறாராம். பத்து நிமிஷத்தில் என்ன திருத்தல் பத்திரம் எழுதவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன்.

அதோடு போயிற்றா? முடிச்சூரில் மனைப் பத்திரத்தில் சிக்கல் இல்லாத மனிதர் யார் இருக்கிறார்? மறுநாள் முதல் எடை தூக்குகிறவர்கள் எடையைக் கீழே வைத்துவிட்டு வில்லங்கச் சான்றோடு வரிசையில் நிற்கிறார்கள். ரோஹிணி தன் புது ஃபிளாட் ஒப்பந்தத்தை வாரம் முழுக்கக் கொண்டுவந்தாள். சில நாள் காலை, மாலை இரண்டு வேளையும் ஏறினேன். பணம் கேட்க மறந்தே போய்விட்டது. ஒரு நாள் மேஜைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான், வழியில் எந்த மாடியிலும் நிற்காமல் வந்திருக்கிறேன் என்று உறைத்தது. இறங்கிப் போய் மறுபடி ஏறிப் பார்த்தேன். உண்மைதான். டாக்டர் எடை பார்த்தார், ஐந்து கிலோ குறைந்திருக்கிறது. "எந்த ஜிம், நல்ல பயிற்சியாளர் போலிருக்கே?" என்றார். என்னத்தைச் சொல்ல? உன் அத்தானுக்கு மூன்று கிலோ கூடியிருக்கிறது. அவர் என்ன பயிற்சி செய்தார் என்று டாக்டர் கேட்கவில்லை.

போன மாதம் பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று முதல் மணி அடிக்கும்போதே கோயிலுக்குப் போய் இருபத்திரண்டு படியும் ஏறி என் இடத்தில் நின்றேன். கீழே காலி பெஞ்சுகளைப் பார்த்துக்கொண்டே பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பியூலா வந்தாள், மேலே கடைசி இரண்டு படியில் மூச்சு வாங்கி நின்று, என்னைப் பார்த்து, "அக்கா... வந்துட்டீங்களா... கொஞ்சம் கை குடுங்களேன்" என்றாள். எத்தனையோ பதில் தயார் செய்து வைத்திருந்தேன் பென்னி, இரண்டு மாதமாக. கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டேன். பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன். அவளுக்கு நல்ல குரல், சும்மா சொல்லக்கூடாது.

ஆகையால் தம்பி, எனக்கு நல்லபடியாக முடிந்தது என்று நீயும் குருட்டு யோகத்தை நம்பாதே. சிறுசேரி ஆபீஸ் உனக்கு வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாள் வீட்டிலிருந்து அங்கே வண்டி ஓட்டிக்கொண்டு போகமாட்டாய், எனக்குத் தெரியும், வாசலில் இருக்கிற பால் பாக்கெட்டை எடுக்கவே கிறிஸ்டினாவை அனுப்புகிறவன் நீ. தூரமான ஜிம், அடுத்த ஊர்த் தோட்டத்து மாங்காய் மாதிரி, நினைத்தால்தான் இனிக்கும். நீ போகிற நேரத்தில் போய்ப் பார், ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டு, வாயால் சொல்கிற ஒவ்வொன்றையும் தாளில் எழுதித் தரச் சொல், மாதா மாதம் பேங்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்கிற கட்டத்தில் டிக் போடாதே. நாளைக்கும் அதே ஆஃபர் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வரி விடாமல் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதே. உன் பெயரில் வேறு யாரையும் போடவும் விடாதே.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உன் போக்கும் வரத்தும் பத்திரமாக இருக்கவும், உங்கள் வீட்டில் சமாதானம் தங்கவும் தினமும் ஜெபிக்கிறேன்.

உன் பிரியமுள்ள அக்கா,
ரத்தினபாய்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் கதிரேசன் வீட்டுக்கே வந்துவிட்டார். பட்டா கிடைத்துவிட்டதாம், ஒரு கிலோ மைசூர்பாகு வாங்கிவந்தார். பணம் திருப்பித் தர வழியில்லை மேடம், ஆனால் மிச்சமிருக்கிற பத்து மாதத்தைச் சொந்தக்காரர் யார் பெயருக்காவது மாற்றித் தருகிறேன், இன்று ராத்திரியோடு அந்த வசதி முடிகிறது என்றார். வீணாகப் போவானேன் என்று உன் பெயரைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வண்டலூர் வழியாக வந்தால் ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். போட்ட பிறகுதான் சொல்கிறார், அது லேடீஸ் பேட்ச் அட்டை, ஆண்களுக்கு மாற்ற முடியாதாம். அதனால் உன் பெயரை அடித்துவிட்டு கிறிஸ்டினா பெயரையும் போன் நம்பரையும் எழுதினேன். திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச் சொல். நீயே பக்குவமாக எடுத்துச் சொல்லிவிடு. 'இவர் உடல் இளைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தவர்' என்று கீழே ஒரு கட்டம் இருந்தது. அதில் உன் பெயரை எழுதியிருக்கிறேன். அதன் நகலை அவளுடைய போனுக்கு அனுப்பிவிட்டார்களாம்.