கோல்ஃப் மட்டைக்கு அளவு கொடுத்த கதை

மனிதனுக்குச் சட்டைக்கு அளவெடுப்பார்கள், செருப்புக்கு அளவெடுப்பார்கள், கடைசியில் பெட்டிக்கும் அளவெடுப்பார்கள். இதற்கெல்லாம் வெட்கப்படாமல் நின்றுவிடலாம் (பெட்டிக்கு நிற்கவும் தேவையில்லை). கோல்ஃப் மட்டைக்கு அளவு கொடுக்கப் போய் மானத்தை விட்டு வந்தவன், எனக்குத் தெரிந்தவரை, வன்னியில் நான் ஒருவன்தான்.

பூநகரியில் எனக்கொரு சிறிய அரிசி ஆலையும் கொஞ்ச வயலும் உண்டு. அங்கே கோல்ஃப் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். கனடாவிலிருந்து வந்தது. விடுமுறைக்கு வந்த என் மனைவியின் தமையன், திரும்பிப் போகும்போது விமானத்தில் பாரம் கூடிவிடும் என்று தன் பழைய மட்டைப் பையை எங்கள் வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

“மச்சான், சும்மா இருக்கிற நேரம் அடிச்சுப் பார். மனசுக்கு நல்லது” என்றார். (அரிசி ஆலைக்காரனுக்குச் சும்மா இருக்கிற நேரம் உண்டென்று கனடாவில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.)

அடித்துப் பார்த்தேன். அதோடு பைத்தியம் பிடித்துவிட்டது. அறுவடை முடிந்த வயலில் பின்னேரங்களில் தனியே நின்று பந்தடிப்பேன். மாடுகள் பார்த்துக்கொண்டு நிற்கும். முதல் வாரமே ஊரில் கதை பரவிவிட்டது. பக்கத்து வயல்காரர் வரம்பில் குந்தியிருந்து என்னை நெடுநேரம் கவனித்துவிட்டு, கிட்ட வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அண்ணை, என்னத்தைத் தேடுறியள்? மண்ணுக்குள்ள தாட்ட நகையோ? சொன்னியள் எண்டால் நாங்களும் சேர்ந்து கிண்டுவம்.”

நான் விளையாடுகிறேன் என்று சொன்னதை அவர் இன்றும் நம்பவில்லை. வயலோரப் பற்றைச் செடிகளுக்குள் போன பந்தை நான் போய் எடுக்காததும் அவருடைய சந்தேகத்தைக் கூட்டியது. கண்ணிவெடியெல்லாம் எடுத்தாகிவிட்டது என்று அறிவித்துப் பலகைகளையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் பற்றைக்குள் கால் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. போன பந்து போனதுதான்.

மச்சான் தென்னை மரம் மாதிரி உயரம். நான் பப்பாசி. அவருடைய மட்டையைப் பிடித்தால் அதன் மேல்நுனி என் நெஞ்சில் இடிக்கும். நாரி நோவுக்கு மனைவி இடுப்பில் எண்ணெய் தேய்க்கும்போது மச்சானையும் கனடாவையும் சேர்த்துத் திட்டுவாள்.

இந்த நிலையில்தான் என் மகள் தர்சினியின் கலியாணப் பேச்சு வந்தது. அவள் கொழும்பில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் பையனை விரும்பினாள். பையன் தங்கமானவன். அவனுடைய தகப்பன் பாலேந்திரன் ஓய்வுபெற்ற பொறியியலாளர், கொழும்பிலேயே காலத்தைக் கழித்தவர், சனிக்கிழமை தவறாமல் கோல்ஃப் ஆடுபவர். அவர் மறுப்பு எதுவும் சொல்லவில்லையாம். மகனிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம்: “வன்னி ஆக்களோட நாங்கள் இருந்து என்னத்தைக் கதைக்கிறது?”

தர்சினி இதைத் தொலைபேசியில் சொன்னபோது அவளுடைய குரல் உடைந்தது. எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் கோபம் போய், அந்தக் கேள்வி மட்டும் மிஞ்சியது. உண்மைதான், என்னத்தைக் கதைப்பது? நாங்கள் இடம்பெயர்ந்த கதையையா? அதைச் சொன்னால் கேட்கிறவர்கள் தேநீரைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வார்கள். அதன்பிறகு எங்களை மனிதராகப் பார்க்க மாட்டார்கள், ‘பாவங்கள்’ என்றுதான் பார்ப்பார்கள். அந்த ஒரு சொல்லோடு மட்டும் என் பிள்ளை அந்த வீட்டுக்குள் போகக்கூடாது என்று நினைத்தேன்.

“நான் கோல்ஃப் விளையாடுறனான் எண்டு அவரிட்டச் சொல்லு பிள்ளை” என்றேன்.

மறுநாளே பாலேந்திரன் என்னோடு தொலைபேசியில் பேசினார். குரலில் ஆச்சரியம் வழிந்தது. மச்சானின் மட்டையைப் பற்றிச் சொன்னேன்.

“ஐயையோ, அது பிழை. உங்கட உயரத்துக்கு அளவெடுத்துச் செய்விக்க வேணும். கொழும்புக்கு வாங்கோ, நானே கூட்டிக்கொண்டு போறன்.”

அன்றிரவு ராசா மாதிரி நித்திரை கொண்டேன்.

கொழும்பில் ஆட்டோவில் போகும்போது தர்சினி எனக்கு வகுப்பெடுத்தாள்.

“அப்பா, அவரை ஐயா எண்டு கூப்பிடாதேங்கோ. மிஸ்டர் பாலேந்திரன் எண்டு சொல்லுங்கோ. கையைக் கட்டிக்கொண்டு நிக்காதேங்கோ. நிமிர்ந்து நில்லுங்கோ.”

“எனக்குத் தெரியாதே பிள்ளை? நான் ஒரு முதலாளியெல்லே!”

கோல்ஃப் சாமான் விற்கும் அந்தக் கடை குளிரூட்டப்பட்டது. தரையில் பச்சை விரிப்பு, சுவரோரம் பெரிய வலை, நிலத்தில் சிவப்பு வெளிச்சம் விட்டுவிட்டு எரியும் ஒரு சிறிய பெட்டி. பந்து போகும் வேகத்தை அது அளக்குமாம். முதலே வந்து காத்திருந்த பாலேந்திரன் என் கையைக் குலுக்கினார். நானும் நிமிர்ந்து நின்று குலுக்கினேன். காய்ந்த வயலில் பந்து எப்படி உருளும் என்று கேட்டார், சொன்னேன். மாடுகளைப் பற்றிச் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். என்னைப் பார்த்து அல்ல, என்னோடு சேர்ந்து சிரித்தார். தர்சினியின் முகத்தைப் பார்த்தேன், விளக்கேற்றியதுபோல இருந்தது. அந்த நிமிடத்தோடு நான் மயக்கம் போட்டு விழுந்திருக்கலாம். விழவில்லை.

கழுத்தில் ரை கட்டிய கடை இளைஞர் ஒருவர் அளவுநாடாவோடு வந்தார். மிகவும் மரியாதையானவர்.

“சேர், அந்தச் சுவரைப் பார்த்து நில்லுங்க.”

நின்றேன்.

“கால கொஞ்சம் அகட்டி வைங்க சேர்.”

வைத்தேன். அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றார். அந்தச் சிறிய பெட்டி, பீப் என்று ஒரு சத்தம் போட்டது.

அதன்பிறகு நடந்ததை நான் செய்ததாகச் சொல்ல முடியாது. என் உடம்பு செய்தது. என் இரண்டு கைகளும் தாங்களாகவே தலைக்கு மேலே போயின. இடது கையில் நான் கொண்டுபோன மச்சானின் மட்டை. வலது கையில் ஐசி என்கிற அடையாள அட்டை. அது எப்போது சட்டைப் பையிலிருந்து வெளியே வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. போதாக்குறைக்கு வாயும் தன் பங்குக்குத் திறந்துகொண்டது:

“பூநகரி சேர். மகளிட்டப் போறன் சேர்.”

வருடக்கணக்காகச் சோதனைச் சாவடிகளில் இப்படி நின்று பழகிய உடம்பு, தனக்குத் தெரிந்த வேலையைப் பிழையில்லாமல் செய்து முடித்துவிட்டு அடுத்த கட்டளைக்குக் காத்திருந்தது.

அந்த இளைஞருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாடிக்கையாளர் விபரம் பதியத்தான் நான் அட்டையை நீட்டுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். “தேங்க் யூ சேர்” என்று வாங்கினார். அட்டையிலிருந்த படத்தைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். (அந்தப் படத்தில் எனக்குத் தலைமயிர் இருந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது.) நான் கையை இறக்கவில்லை. இறக்கச் சொல்லும்வரை இறக்கக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

தர்சினி வந்தாள். மெல்ல என் கைகளைப் பிடித்தாள்.

“அப்பா, கையை இறக்குங்கோ. இது கடையப்பா.”

இறக்கினேன். பாலேந்திரன் தன் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு அளவெடுத்தார்கள். நான் எங்கே நிமிர்வது? தோள் குறுகி, தலை கவிழ்ந்து, முழங்கால் மடிந்து நின்றேன். அந்த இளைஞர் மணிக்கட்டிலிருந்து நிலம்வரை அளந்து, முன்னால் நின்ற மனிதனை உள்ளபடியே பதிந்துகொண்டார். பந்தடிக்கச் சொன்னார்கள், அடித்தேன். பெட்டி ஏதேதோ இலக்கங்களைக் காட்டியது. நன்றாக இருக்கிறது என்றார்கள். இப்போது நான் எதைச் செய்தாலும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

வெளியே வந்ததும் பாலேந்திரன் எனக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். “கவனமா ஏறுங்கோ” என்றார். வழிமுழுக்க மெதுவாக, சொல் சொல்லாகப் பேசினார். மாடுகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. சாப்பிட்டீர்களா, நித்திரை வருகிறதா என்று விசாரித்தார். ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் அப்படித்தான் கேட்பார்கள்.

“ஓம் ஐயா” என்றேன். மிஸ்டர் பாலேந்திரன் என்பது வாயில் வரவில்லை.

அன்று பின்னேரமே தர்சினி சந்தோசத்தில் குதித்துக்கொண்டு வந்தாள்.

“அப்பா, பாலேந்திரன் மாமா ஓம் எண்டிட்டார்! ‘பாவங்கள், நல்ல சனம், ஒண்டும் யோசிக்காமல் செய்வம்’ எண்டு சொன்னவராம்!”

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். எந்தச் சொல் வரக்கூடாது என்று மச்சானின் மட்டையைத் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனேனோ, அந்தச் சொல்லின் பேரில்தான் என் மகளின் கலியாணம் ஒப்பேறியது. அழுதேன். ஆனந்தக் கண்ணீர் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

கலியாணம் நல்லபடி நடந்தது. சம்பந்தி எனக்குக் கதிரை இழுத்துப் போட்டார், பாயாசத்தில் சீனி கூடவோ என்று கேட்டார், கோல்ஃப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. மணவறையில் நின்று குடும்பப் படம் எடுக்கும்போது என் மனைவி காதுக்குள், “ஐசி கொண்டந்தனீங்களோ?” என்றாள். அந்தப் படத்தில் நான் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன்.

மட்டைகள் பிறகு பஸ்ஸில் வந்து சேர்ந்தன. அழகான மட்டைகள். வயலுக்குக் கொண்டுபோய், நிமிர்ந்து நின்று வீசினேன். மட்டை பந்துக்கு மேலால் காற்றை வெட்டிக்கொண்டு போனது. கட்டை, நீளம் போதவில்லை! தோளைக் குறுக்கி, தலையைக் கவிழ்த்து, அன்று அந்தக் கடையில் நின்றதுபோல நின்றேன். அடித்தேன். பந்து வரம்பைத் தாண்டி நேராகப் பறந்தது. மச்சானின் மட்டையால் ஒருநாளும் அப்படி அடித்ததில்லை.

இன்றும் அந்த மட்டைகளால்தான் அடிக்கிறேன். நான் குனிந்து நிற்பதைக் கண்டால் மனைவி ஆலை வாசலில் நின்று கூப்பிடுவாள்:

“இஞ்சாருங்கோ, ஒஃபிசர் போயிட்டார். இனி நிமிருங்கோ!”

பக்கத்து வயல்காரரும் இப்போது அதைப் பிடித்துக்கொண்டார். போன கிழமை வந்திருந்த தர்சினி தன் மகளுக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டாள். அந்தக் குஞ்சு வரம்பில் நின்று, “தாத்தா, நிமிங்கோ!” என்று கத்தியது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிள்ளை சொல்கிறதே என்று நிமிர்ந்து நின்று ஓங்கி அடித்தேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடி குனிந்தேன்.