கனி உபதேசியாரும் இரண்டு முழக் காணியும்

முப்பதுகளின் யாழ்ப்பாணத்தில் பாம்புக்குப் பயப்படாத கிறிஸ்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கனி உபதேசியாருக்குப் பயப்படாத ஒருவரைக்கூடக் கண்டதில்லை. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பவரின் தோளைப் பிடித்து, "இந்த வருசம் ஆவியின் கனி என்ன குடுத்தனீர்?" என்பார். செத்தவீட்டிலும் கேட்பார். ஒருமுறை சைவக்காரரான வண்டிக்காரரிடம் கேட்க, அவர் கூலியும் வாங்காமல் மாட்டை விரட்டினாராம்.

நான் அவரிடம் மாட்டியபோது எனக்கு வயது இருபத்துநாலு. ஞாயிற்றுக்கிழமை சபையில் சேர்ந்தால் அடுத்த மாதம் கல்யாணம். சேராவிட்டால் பெண் இல்லை. இது பெண்ணின் தகப்பனாரான சபை மூப்பரின் கட்டளை. என்னைச் சேர்க்கலாமா என்று சோதித்துச் சொல்பவர் கனி உபதேசியார்.

"என்ன கனி? சொல்லும்."

வேதத்தில் அன்பு, சந்தோஷம் என்று தொடங்கும் ஆவியின் கனிகள் ஒன்பதையும் மனப்பாடம் செய்திருந்தேன். எட்டு பறந்துவிட்டன. "பொறுமை," என்றேன், மிக அவசரமாக.

"வாயாலை வேண்டாம், கையாலை காட்டும். மூப்பரின்ரை பக்கத்துக் காணி அன்னம்மாக்கா தனிச்ச மனுசி. வேலி விழுந்து கிடக்கு. அடைச்சுப்போட்டு வாரும்."

பழைய வேலியைக் கறையான் அடையாளமில்லாமல் தின்றிருந்தது. இரண்டு நாள் குழி தோண்டும் அலவாங்கோடு மல்லுக்கட்டி, நின்ற முருங்கை மரத்தை எல்லையென்று பிடித்து, கதியால் தடிகளை வரிசையாக நட்டு, ஓலை வைத்துக் கட்டினேன். பக்தி முற்றியதில் வேலி நேராகவும் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை மூப்பர் வந்து பார்த்தார்.

"தம்பி, முருங்கை என்ரை. இரண்டு முழம் உள்ளுக்கு வந்திட்டீர். உது மகளுக்குச் சீதனமா எழுதிற காணியல்லோ."

எங்கள் ஊரில் அடுத்தவன் காணிக்குள் வேலியைத் தள்ளியவர்கள் ஏராளம். தன் சீதனத்தைத் தானே பக்கத்து வளவுக்குத் தள்ளிக் கொடுத்தவன் நான் ஒருவன்தான். உபதேசியார் வீட்டுக்கு ஓடிப்போய் நின்றேன்.

"உபதேசியார், நான் செய்தது ஊழியமோ, களவோ?"

அவர் நாடியைச் சொறிந்தார். "எனக்கும் விளங்கேல்லை, தம்பி. அன்னம்மாவுக்கு நல்லது நடந்திருக்கு. மூப்பருக்குக் கெட்டது நடந்திருக்கு. உமக்கு என்ன நடந்தது எண்டுதான் பிடிபடேல்லை."

"நாளைக்கு நான் சேரலாமோ?"

"பொறும். முதல்லை வேலியைத் திருப்பி வைப்பம். அடைக்கச் சொன்னது நான்தானே."

வேலியடிக்கு வந்ததும் வேட்டியை மடித்துக் கட்டி அலவாங்கைப் பிடித்தார். வேதப்புத்தகத்தைவிடப் பாரமான எதையும் தூக்கியறியாத கை. பாதி வேலியிலேயே உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துவிட்டன. அன்னம்மாக்கா செம்பில் மோர் கொண்டுவந்து வைத்தா. பார்த்துக்கொண்டிருந்த மூப்பர், "விடுங்கோ, நான் கிண்டுறன்," என்று அலவாங்கைக் கேட்டார். உபதேசியார் கொடுக்கவில்லை. மூப்பர் வீட்டுக்குள் போய் மண்வெட்டியோடு வந்தார்.

கடைசிக் கதியாலை மிதித்து இறுக்கியபின் மூப்பரே கேட்டார்: "அப்ப, இவரைச் சேர்க்கலாமோ?"

உபதேசியார் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்களே சொல்லுங்கோ. எனக்குக் கேள்வி மறந்துபோச்சு."

"சேர்க்கலாம்," என்றார் மூப்பர்.

மறுநாள் நற்கருணைக்கு முழந்தாளிட்டபோது எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. அந்த உள்ளங்கைகள் கெதியில் ஆறவேண்டும் என்று மட்டுமே கேட்டேன்.